லீஸ் மூன்று வருஷம், கார் பத்து வருஷம்

கார் லீஸ் (காரைச் சில வருஷத்துக்கு மாதத் தவணையில் எடுத்து ஓட்டிவிட்டு, முடிவில் திருப்பிக் கொடுக்கும் ஒப்பந்தம்), வாகனக் கடன் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, லீஸ் நிறுவனம் ஒன்றில் 17 ஆண்டுகள் வேலை பார்த்தவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: அம்மா, எங்கள் கார் லீஸ் இன்னும் இரண்டு மாதத்தில் முடிகிறது. அதே மாடலில் புதுக் கார் எடுக்கலாம் என்று விசாரித்தால், மாதத் தவணை போன தடவையை விட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சொல்கிறார்கள். காரின் விலை அப்படி ஒன்றும் ஏறவில்லையே, பிறகு எதற்கு இந்த ஏற்றம்? "பேசாமல் சொந்தமாக வாங்கிவிடு" என்கிறார் அண்ணன். கடன் தவணை கழுத்தை நெரிக்குமோ என்று கணவர் பயப்படுகிறார். வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறோம். என்ன செய்யலாம்?

பதில்: ஏன் ஏறியது என்று முதலில் பார்த்துவிடலாம். அது புரிந்துவிட்டால் என்ன செய்வது என்பதும் பாதி தெரிந்துவிடும்.

லீஸ் தவணையை வெறும் விலையை வைத்துப் போடுவதில்லை. மூன்று வருஷம் கழித்து இந்தக் கார் என்ன விலைக்குப் போகும் என்று நிறுவனம் இன்றைக்கே ஒரு தொகையை எழுதி வைக்கிறது. அதற்கு எஞ்சிய மதிப்பு என்று பெயர். இன்றைய விலைக்கும் அந்தத் தொகைக்கும் நடுவில் இருக்கும் தேய்மானத்தைத்தான் நீங்கள் மாதாமாதம் கட்டுகிறீர்கள். கூடவே, காரில் முடங்கிக் கிடக்கும் நிறுவனத்தின் பணத்துக்கு வட்டி. விலை அப்படியே இருந்தாலும் எஞ்சிய மதிப்பு இறங்கினால் தவணை ஏறும். வட்டி ஏறினாலும் ஏறும். உங்களுக்கு இரண்டுமே நடந்திருக்கிறது.

ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நாட்டுப் பணமானாலும் சரி, காரின் விலை 100 என்று எழுதுங்கள். போன லீஸில் எஞ்சிய மதிப்பு 55, வட்டி 3 சதவீதம் என்று வைப்போம். தேய்மானம் 45. அதை 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 1.25. காரில் முடங்கிய பணம் 100இலிருந்து 55 வரை இறங்குவதால், நடுவிலுள்ள 77.5க்கு வட்டி போட்டால் மாதம் 0.19. ஆக 1.44 கட்டினீர்கள். இப்போது எஞ்சிய மதிப்பு 46, வட்டி 7.2 சதவீதம். தேய்மானம் 54, மாதத்துக்கு 1.50. வட்டி 0.44. ஆக 1.94. கார் அதே 100தான். தவணை மட்டும் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிட்டது.

இந்த இரண்டும் எங்கிருந்து வந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2021இல் மின்னணுச் சிப் தட்டுப்பாட்டால் உலகம் முழுக்கப் புதுக் கார் உற்பத்தி படுத்துவிட்டது. புதுக் கார் கிடைக்காதவர்கள் பழைய காரைத் தேடிப் போக, பழைய கார் விலை எகிறியது. அந்த விலையைப் பார்த்து நிறுவனங்கள் எஞ்சிய மதிப்பைத் தாராளமாக எழுதின. வட்டியும் அப்போது அடிமட்டத்தில் இருந்தது. அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி 2022 மார்ச் வரை கிட்டத்தட்ட பூஜ்யம். 2023 ஜூலையில் அதுவே 5.25 முதல் 5.50 சதவீதம். மற்ற பல நாடுகளின் மத்திய வங்கிகளும் அதே காலத்தில் வேகமாக ஏற்றின. பிறகு கார் உற்பத்தி சீரானது, பழைய கார் விலை இறங்கியது. தாராளமாக எழுதிய நிறுவனங்கள் கையைச் சுட்டுக்கொண்டன. சுட்டுக்கொண்டவர்கள் அடுத்த தடவை எஞ்சிய மதிப்பை இறுக்கித்தான் எழுதுவார்கள்.

சரி, வாங்கலாமா? உங்கள் வீட்டில் நடக்கும் விவாதத்தை நான் வேலை பார்த்த மேஜைக்கு முன்னால் எத்தனையோ குடும்பங்களிடம் கேட்டிருக்கிறேன். லீஸ் தவணையையும் கடன் தவணையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எது குறைவு என்று பார்ப்பார்கள். அங்கேதான் கணக்கு தப்பாகிறது. லீஸ் தவணைக்கு முடிவே கிடையாது. ஒன்று முடிந்தால் அடுத்தது தொடங்கும். கடன் தவணை ஒரு நாள் நிற்கும். நின்ற பிறகும் கார் ஓடுமே, அந்த வருஷங்களில்தான் வாங்கியவருக்கு லாபம் கிடைக்கிறது.

அதே தாளில் தொடருங்கள். முன்பணம் 20, கடன் 80, ஐந்து வருஷம், அதே 7.2 சதவீதம். தவணை 1.59. மொத்தம் கையை விட்டுப் போவது 115 சொச்சம். காரை ஒன்பது வருஷம் வைத்திருந்து 15க்கு விற்கிறீர்கள், நடுவில் பழுதுக்கு ஒரு 15 செலவாகிறது என்று வைத்தால், மாதத்துக்கு ஏறத்தாழ 1.07 ஆகிறது. அதே ஒன்பது வருஷம் மூன்று லீஸாக எடுத்தால், தவணை இனி ஏறவே ஏறாது என்று நம்பினாலும்கூட, 209 போய்விடும். இன்சூரன்ஸ், எரிபொருள் இரண்டு பக்கமும் உண்டு. அதனால் அவற்றை விட்டுவிட்டேன்.

ஆனால் அண்ணன் சொன்னதைக் கேட்டுப் புதுக் கார் வாங்கி, மூன்றாவது வருஷமே அலுத்துப்போய் விற்றால் லீஸுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. தேய்மானம் முழுவதையும் நீங்களே சுமந்துவிட்டு, விற்கும் அலைச்சலையும் கூடுதலாகச் சுமப்பீர்கள். வாங்குவது மலிவு என்பது, வாங்கியதை வைத்துக்கொள்பவருக்குத்தான்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு வழியைச் சொல்கிறேன். நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன். உங்கள் லீஸ் ஏறியதற்கு ஒரு காரணம் பழைய கார் விலை இறங்கியது என்று பார்த்தோம் அல்லவா? அப்படியானால் லீஸ் கசக்கும் இதே நேரத்தில் மூன்று வருஷக் கார் இனிக்க வேண்டும். மூன்று வருஷம் ஓடிய கார் 50க்குக் கிடைக்கிறது என்று வையுங்கள். முழுத் தொகையையும் கடனாக வாங்கினாலும், பழைய காருக்கு வட்டி கூடுதலாக 9 சதவீதம் என்றே போட்டாலும், நான்கு வருஷத்துக்கு மாதம் 1.24தான். நீங்கள் இத்தனை நாள் கட்டிப் பழகிய தவணையை விடவே குறைவு! உங்கள் கணவர் பயப்பட வேண்டிய தொகை இல்லை இது. அதை மொத்தம் ஆறு வருஷம் ஓட்டி, பழுதுக்கு 15 செலவழித்து, 15க்கு விற்றால் அந்த ஆறு வருஷத்துக்கும் சேர்த்து ஆன செலவு 60. லீஸில் அதே ஆறு வருஷத்துக்கு 140.

முதலில் பார்க்க வேண்டிய மூன்று வருஷக் கார் உங்கள் வாசலிலேயே நிற்கிறது. அதன் ஒவ்வொரு சர்வீஸும் உங்களுக்குத் தெரியும், எங்கே இடித்தது, எங்கே இடிக்கவில்லை என்பதும் தெரியும். ஒப்பந்தத்தை எடுத்து, லீஸ் முடிவில் நீங்களே வாங்கிக்கொள்ளலாம் என்ற பிரிவு இருக்கிறதா, என்ன தொகை என்று பாருங்கள். பிறகு அதே வயது, அதே மாடல், ஏறத்தாழ அதே கிலோமீட்டர் ஓடிய கார்கள் வெளியில் என்ன விலைக்குப் போகின்றன என்று பத்துப் பன்னிரண்டு இடத்தில் பாருங்கள். ஒப்பந்தத்தில் 55, வெளியில் 50 என்றால் 55 கொடுக்காதீர்கள். வெளிவிலையை எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். திரும்பி வரும் காரை ஏலத்துக்கு அனுப்ப நிறுவனத்துக்கும் செலவு உண்டு. அதனால் சில நிறுவனங்கள் இறங்கி வரும். இறங்காவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு, வெளியில் வாங்குங்கள்.

2021இல் இது தலைகீழாக இருந்தது. ஒரு பெரியவர் காரைத் திருப்பிக் கொடுக்க வந்து, துடைத்த சாவியை ஒரு கைக்குட்டையில் சுற்றி என் மேஜையில் வைத்தார். 2018இல் எழுதிய ஒப்பந்தம் அது. அதிலிருந்த தொகை அன்றைய வெளிவிலையை விட வெகு குறைவு. "ஐயா, இன்றைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள், வீட்டுக்குப் போய் இந்தத் தொகையையும் வெளிவிலையையும் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கொடுத்தேன். இரண்டு நாளில் திரும்பி வந்து வாங்கிக்கொண்டார். அவர் பார்த்தது போலப் பார்க்காமல் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் அந்த வருஷம் எத்தனை பேர் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறுவதில்லை. ஆகவே சாவியைக் கொடுக்கும் முன் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

கேள்வி: விளம்பரத்தில் மிகக் குறைந்த மாதத் தவணை போட்டிருக்கிறார்கள். மற்ற இடங்களை விட எப்படி இவ்வளவு குறைவு?

பதில்: கீழே பொடி எழுத்தில் முன்பணம் எவ்வளவு என்று இருக்கும். நம் 100 கணக்கில் மாதம் 1.40 என்று விளம்பரம், முன்பணம் 15 என்றால், அந்த 15ஐயும் 36ஆல் வகுத்துச் சேருங்கள். 1.82 ஆகிவிடும். முன்பணம், எல்லாத் தவணைகள், ஆவணக் கட்டணம், திருப்பிக் கொடுக்கும்போது வாங்கும் கட்டணம், எல்லாவற்றையும் கூட்டி மாதங்களால் வகுத்தால் வருவதுதான் உண்மையான தவணை.

லீஸில் பெரிய முன்பணம் கொடுப்பதையே நான் தடுப்பேன். இரண்டாவது மாதமே கார் திருடுபோனாலோ விபத்தில் முழுக்க நொறுங்கினாலோ, இன்சூரன்ஸ் பணம் காரின் சொந்தக்காரரான லீஸ் நிறுவனத்துக்குப் போகும். உங்கள் முன்பணம் பெரும்பாலும் திரும்பாது.

இன்னொரு விஷயம். சில நாடுகளில் லீஸ் வட்டியைச் சதவீதமாகச் சொல்லாமல் 0.003 போல ஒரு குட்டி எண்ணாக எழுதுவார்கள். பார்த்தால் ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். அதை 2400ஆல் பெருக்குங்கள். 7.2 சதவீதம்!

கேள்வி: லீஸ் முடிந்து காரைத் திருப்பும்போது கீறலுக்கெல்லாம் பணம் பிடுங்குவார்கள் என்கிறார்களே, உண்மையா? எங்கள் வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள்.

பதில்: பரிசோதனை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், பயம் குறையும். காரைக் கழுவி, காய்ந்த பிறகு வெளிச்சத்தில் நிறுத்துவார்கள். பரிசோதகர் நேராக நின்று பார்க்க மாட்டார். குனிந்து, கதவின் பரப்போடு கண்ணை வைத்துப் பார்ப்பார். அப்படிப் பார்த்தால்தான் சொட்டை நிழலாகத் தெரியும். கீறல் மேல் நகத்தை ஓட்டிப் பார்ப்பார். நகம் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போனால் அது பெரும்பாலும் பாலிஷில் போய்விடும். நகம் மாட்டினால் பெயிண்ட் வரை இறங்கிய கீறல், அதற்குக் கட்டணம். பல இடங்களில் ஒரு வங்கி அட்டையை அளவாக வைத்திருப்பார்கள். அட்டை நீளத்துக்குள், அதாவது 8.5 சென்டிமீட்டருக்குள் இருந்தால் சாதாரணத் தேய்மானம் என்று விட்டுவிடுவார்கள். உங்கள் நிறுவனத்தின் அளவு என்ன என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நான் அதிகம் பார்த்த கட்டணம் கதவுக் கீறலுக்கு இல்லை. நடைபாதை ஓரத்தில் உரசிய சக்கர விளிம்புக்குத்தான். அடுத்தது டயர். பல நாடுகளில் டயர் மேலிருக்கும் பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது சட்டம். லீஸ் ஒப்பந்தத்தில் அதை விடக் கூடுதலாகக்கூடக் கேட்டிருப்பார்கள்.

பிள்ளைகள் என்றதும் ஒருவர் ஞாபகம் வருகிறது. காரை ஒப்படைக்க வந்த அப்பா, எங்கள் முற்றத்திலேயே பின் சீட்டில் உட்கார்ந்து, மகள் ஜன்னலில் ஒட்டியிருந்த மீன் ஸ்டிக்கர்களைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். ஏழெட்டு மீன் இருக்கும். நகக்கண் சிவந்துவிட்டது. நான் போய் ஈரத்துணியும் கொஞ்சம் சமையல் எண்ணெயும் கொடுத்தேன். கசடு கழன்று வந்தது. அதற்கு நாங்கள் ஒரு காசும் வாங்கியிருக்க மாட்டோம். அவரிடம் பணம் வாங்கியது இரண்டாவது சாவிக்கு. தொலைத்துவிட்டிருந்தார். இப்போதைய காரின் சாவி ஒரு சின்ன ரேடியோ கருவி. புதுச் சாவி செய்து காரோடு பழக்குவதற்கு ஆகும் செலவைக் கேட்டு மனுஷர் அப்படியே நின்றுவிட்டார். இன்று இரவே இரண்டாவது சாவி எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

அப்புறம், கார் கைக்கு வந்த முதல் நாளே சுற்றிலும் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். திருப்புவதற்கு ஒரு மாதம் முன்பே சின்னச் சொட்டைகளை வெளியில் சரிசெய்துகொள்ளுங்கள். பெயிண்ட் உடையாத சொட்டையைப் பெயிண்ட் அடிக்காமலே உள்ளிருந்து தள்ளி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். நிறுவனம் போடும் கட்டணத்தை விட அது அநேகமாகக் குறைவாகத்தான் இருக்கும்.

கேள்வி: மின்சாரக் காரை வாங்கலாமா, லீஸுக்கு எடுக்கலாமா? பேட்டரி போய்விட்டால் என்ன கதி?

பதில்: மேலே வாங்குவதற்காக அவ்வளவு வாதாடினேன். மின்சாரக் காரில் மட்டும் கொஞ்சம் தயங்குகிறேன். தயக்கம் பேட்டரியை நினைத்து அல்ல. பெரும்பாலான நிறுவனங்கள் பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 160,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் சரிசெய்து தருவதாகப் பலவற்றில் எழுதியிருக்கும்.

தயக்கம் விலையை நினைத்து. 2023 ஜனவரியில் மின்சாரக் கார் நிறுவனமான டெஸ்லா தன் புதுக் கார்களின் விலையை ஒரே வீச்சில் குறைத்தது. அமெரிக்காவில் சில மாடல்களுக்கு 20 சதவீதம் வரை. புதுசின் விலை அப்படி இறங்கினால், போன மாதம் வாங்கியவரின் காருடைய மதிப்பும் அன்றைக்கே இறங்கிவிடும். ஒரு வருஷம் கழித்து, 2024 ஜனவரியில், வாடகைக் கார் நிறுவனமான ஹெர்ட்ஸ் தன்னிடமிருந்த ஏறத்தாழ 20,000 மின்சாரக் கார்களை விற்கப்போவதாக அறிவித்தது. இப்படிப்பட்ட இறக்கத்தில் லீஸ் எடுத்தவர் தப்பித்தார், நஷ்டம் நிறுவனத்தின் தலையில் விழுந்தது. அந்தப் பாதுகாப்புக்கு விலையாகத்தான் இன்று மின்சாரக் கார் லீஸ்களில் எஞ்சிய மதிப்பைக் குறைத்து எழுதுகிறார்கள்.

ஆகவே புது மின்சாரக் கார்தான் வேண்டும், மூன்று வருஷத்தில் மாற்றும் எண்ணமும் உண்டு என்றால் லீஸ் எடுங்கள். நான் என் தங்கைக்குச் சொன்னது வேறு. மூன்று வருஷ மின்சாரக் காரை வாங்கச் சொன்னேன். பெரிய இறக்கத்தை முதல் சொந்தக்காரர் சுமந்து முடித்திருப்பார், பேட்டரி உத்தரவாதத்தில் ஐந்து வருஷம் மீதி இருக்கும். ஒரே நிபந்தனை: பேட்டரியின் இன்றைய கொள்ளளவு எவ்வளவு என்று சோதித்த அறிக்கையைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

கேள்வி: லீஸ் ஒப்பந்தத்தில் வருஷத்துக்கு 15,000 கிலோமீட்டர்தான் வரம்பு. வேலை மாறியதால் இப்போது 22,000 ஆகிறது. கடைசியில் பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். மூன்று வருஷமும் இப்படி ஓடினால் 21,000 கிலோமீட்டர் கூடுதல், ஒவ்வொன்றுக்கும் அபராதக் கட்டணம். இப்போதே கூப்பிட்டு வரம்பை உயர்த்தித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் முன்கூட்டி வாங்கும் கிலோமீட்டர் மலிவு. இவ்வளவு ஓட்டுபவர் அடுத்த தடவை லீஸ் பக்கமே போக வேண்டாம் என்பேன்.

கேள்வி: லீஸ் எடுத்துப் பத்து மாதம்தான் ஆகிறது. வெளிநாட்டு வேலை கிடைத்திருக்கிறது. காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் முடிந்ததா?

பதில்: முடியாது தம்பி. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருஷம் முன்பு, நான் வேலை பார்த்த இடத்தில் இல்லாமல் வேறொரு நிறுவனத்தில் எனக்கென்று ஒரு கார் லீஸ் எடுத்திருந்தேன். 14 மாதம் கட்டியிருந்தபோது அம்மா படுத்துவிட்டார். வேலைக்கு நீண்ட விடுப்பு போட்டுவிட்டு அவரோடு போய் இருந்தேன். கார் சும்மா நின்றது. திருப்பிக் கொடுக்கிறேன் என்று கேட்டபோது, மீதி 22 மாதத் தவணையில் பெரும் பகுதியைக் கட்டச் சொன்னார்கள். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது, நானே பிறருக்குப் படித்துக் காட்டிய அதே மாதிரியான பிரிவு. மருந்துச் செலவுக்கு நடுவில் அந்தத் தொகையைக் கட்டினேன்.

எனக்கு அன்று இல்லாத வழி உங்களுக்கு இருக்கலாம். மீதிக் காலத்தை வேறொருவர் பெயருக்கு மாற்ற உங்கள் ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று பாருங்கள். சில நாடுகளில் சில நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. உங்கள் நிலைமையில் இன்று ஒரு நல்ல விஷயமும் உண்டு. உங்களுடையது பழைய, மலிவான தவணையாக இருந்தால், ஏறிய தவணையைக் கண்டு மலைத்து நிற்பவர்கள் அதை ஏற்க முன்வருவார்கள். ஆனால் மாற்றிய பிறகு அவர் கட்டத் தவறினால் பொறுப்பு உங்களுக்குத் திரும்பி வருமா என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே அந்தக் கடிதம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.